முன்ன மாதிரி

வாங்க தம்பி, வாங்க. குண்டடத்துல இருந்துதானுங்களே? குட்டியானை வண்டிச் சத்தம் கேட்டதுமே நெனச்சேன். உள்ள வாங்க, பாத்து, கீழ இரும்புச் சீவல் கெடக்குது, மிதிச்சுராதீங்க. கிரைண்டர் எடுத்துட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க? தெரியுமுங்க. என்ற மச்சினன் நடராசு காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டான். நானும் ஆகட்டும்னுட்டேன். வேற என்ன சொல்றதுங்க?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற சம்சாரம் உங்ககிட்ட என்னன்னு சொல்லி அனுப்பிச்சா? 'எங்க கிரைண்டரை எடுத்துட்டு வாங்க'ன்னாளா, 'என்ற கிரைண்டரை எடுத்துட்டு வாங்க'ன்னாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'என்ற'ன்னாளா, தனக்கு மட்டுந்தாங்கற மாதிரி? நெசமாவா? சரி. இல்லீங்க, ஒண்ணுமில்லை. ஒரு வார்த்தைதானே. சும்மா கேட்டேன்.

உட்காருங்க தம்பி. அந்த ஸ்டூல்ல தைரியமா உட்காருங்க, நான் பண்ணினது. மூணு காலுதான், அதுக்கென்ன? மூணு காலு எந்தத் தரையிலயும் ஆடாம நிக்கும். நாலாவது காலு வெட்டி எடை. டீ வெக்கறேன். அவசரம்னு தெரியுமுங்க. நாளைக்குக் காலையில வெடியாலயே அங்க மாவுக்கடை தொறக்கறா, பொழுதுக்குள்ள ஆட்டி வெக்கோணும். நடராசும் அவளும், அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து பந்தலே போட்டுட்டாங்களாமா. எல்லாம் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் சொல்றேன், சித்த உட்காருங்க. இந்தக் கிரைண்டர் இந்த வாசலைத் தாண்டிருச்சுன்னா அவ மறுபடி இந்த வீட்டுக்கு வரமாட்டா. அவளுக்கு இங்க வேற என்ன இருக்குது? சேலை துணியெல்லாம் எப்பவோ போயிருச்சு. சாமி படம் போயிருச்சு. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இது இங்க இருக்கற வரைக்கும் ஒரு நாள் வருவான்னு ஒரு நம்பிக்கை. ராத்திரி அதைத்தான் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். பயமா இருக்குதுங்க தம்பி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

சண்டைக்காரன், குடிகாரன்னு நெனச்சுட்டு வந்திருப்பீங்க. ஏனுங்க, நடராசு அப்படிச் சொல்லலையா? நான் பீடி கூடக் குடிச்சதில்லை. கை நீட்டினதில்லை. அவளை ஒரு வார்த்தை 'ஏ'ன்னு கூப்பிட்டதில்லை, அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். நான் பண்ணினதெல்லாம் அவளுக்கு நல்லது. அதைத்தான் யாருகிட்டயாவது சொல்லோணும். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அவ கட்சி. என்னைக் கண்டாவே ஏதோ சோலி இருக்கற மாதிரி உள்ள போயிர்றாங்க. நீங்க வெளியூரு, நாயமாக் கேப்பீங்க.

என்ற பேரு திருமூர்த்தி. பம்ப்செட் கம்பெனியில டிசைன் செக்‌ஷன்ல இருந்தேன். டிசைன்னா புதுசாக் கண்டுபிடிக்கறதுன்னு நெனச்சுக்காதீங்க. புதுசா எவனும் எதையும் கண்டுபிடிக்கறதில்லை தம்பி. எங்க வேலை என்னன்னா, அடுத்த கம்பெனிக்காரன் பம்பு ஒண்ணை வாங்கிட்டு வந்து மேசை மேல வெச்சு, அக்கு வேறா ஆணி வேறாப் பிரிச்சுப் போட்டுருவோம். பிரிச்சுட்டு ஒவ்வொண்ணாக் கையில எடுத்து, நீ எதுக்கு இருக்கறேன்னு கேக்கோணும். பதில் சொல்லாத உருப்படிய எடுத்துத் தூரப் போடு. பதில் சொல்றதை இளைக்க வை. மறுபடி பூட்டு. இப்ப அது நம்ம பம்பு, அவன் பம்பை விட லேசு, அவன் பம்பை விடக் கரண்டு கம்மி. இவ்வளவுதான் வித்தை. இதுல என்னை அடிச்சுக்க ஆளில்லை. மொதலாளி எல்லாரு முன்னாலயும் என்ற தோளைத் தட்டி, 'திருமூர்த்தி கையில ஒரு பொருளைக் குடுத்தா அது பாதியாத்தான் திரும்பி வரும்'னு சொன்னாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? 'ஆமாமா, மிக்சி மூடியும் அப்படித்தான் திரும்பி வந்துச்சு'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அப்பெல்லாம் சிரிப்பா.

வீட்டுலயும் நான் சும்மா இருக்கறதில்லை, அதை ஒத்துக்கறேன். ஆனா தப்பாப் பண்ணினேனா? கதவு தாழ்ப்பாளு, ஒரு தள்ளுல விழற மாதிரி மாத்தினேன். அடுப்பு பர்னரு மாத்தினேன். துணிக்கயித்துக்குக் கப்பி போட்டேன். குளிக்கற ரூம்பு பைப்பைப் பாருங்க, அரைத் திருகுல தண்ணி வரும், அதுவும் இடப்பக்கம் திருகோணும். எதுக்கு இடப்பக்கம்? வலக்கையில சொம்பு இருக்குது, அப்பத் திருகறது இடக்கை, இடக்கைக்கு அந்தப் பக்கந்தான் சுளுவு. யோசிச்சுப் பண்ணினது! அவ தலைக்குச் சீயக்காய் போட்டுக்கிட்டு, கண்ணுல எரிச்சலோட பைப்பை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருகிப் பாத்துட்டு உள்ள இருந்து கத்தறா. 'ஏனுங்க, இதையும் மாத்திட்டீங்களா'ன்னு. நான் வெளிய நின்னு, 'இடது, அம்மிணி, இடது'ன்னு சொல்றேன். வந்து ஈரத்தலையோட திண்டு மேல உட்கார்ந்து அழுதா. பைப்புக்கு யாராவது அழுவாங்களா? சொல்லுங்க.

அவ கேக்கறதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். 'முன்ன மாதிரி பண்ணிக் குடுத்துருங்க.' தாழ்ப்பாளுக்கும் அதேதான், அடுப்புக்கும் அதேதான், முன்ன மாதிரி, முன்ன மாதிரி. ஏனுங்க தம்பி, முன்ன மாதிரி பண்றதுக்கு நான் எதுக்கு? அதுக்கு எந்த மடையனும் போதுமே.

சக்கரை போதுமுங்களா? சரி.

அப்பறம் கம்பெனியில ஒரு புது மேனேஜர் வந்தாரு. கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டாங்க. உருப்படியோட படத்தை உள்ள விட்டாப் போதும், எங்கெங்க இரும்பு வேண்டாமோ அங்கெல்லாம் அதுவே செதுக்கிக் காட்டிருது. எலும்பு மாதிரி, வேரு மாதிரி என்னமோ ஒண்ணு வருது பாருங்க. நான் ஒரு மாசம் மண்டைய ஒடைச்சுக்கறதை அது டீ ஆறறதுக்குள்ள பண்ணிருது. அந்த மேனேஜர் நல்ல மனுசன், கூப்பிட்டு உட்கார வெச்சு மெதுவாத்தான் சொன்னாரு. என்னைக் கையில எடுத்து, நீ எதுக்கு இருக்கறேன்னு கேட்டுட்டாங்க தம்பி. நான் பதில் சொல்லலை. அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துட்டேன்.

வீட்டுல அப்ப ஒண்ணும் கஷ்டமில்லீங்க. கரண்டு பில்லு, மளிகை, எங்கம்மா இருந்த வரைக்கும் அதுக்கு மருந்து எல்லாம் அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு. எப்படி நடந்துச்சுன்னு நான் கேட்டுக்கிட்டதில்லை. நம்மளுக்கு அப்ப மண்டை பூரா வேற யோசனை. அவ பாட்டுக்கு வாசல்ல மாவு வித்துக்கிட்டு இருந்தா. சாயங்காலம் ஆனா இந்த வீதிப் பொம்பளைங்க, அடுத்த வீதிப் பொம்பளைங்க எல்லாம் மாவு வாங்கத் தூக்குப்போசிப் பாத்திரத்தோட வந்து நிப்பாங்க. ஒரே பேச்சு, சிரிப்பு. நான் உள்ள உட்கார்ந்து யோசிக்க முடியாது.

அப்பத்தான் ஒரு நாள் அந்தக் கிரைண்டரைப் பாத்தேன். அத்தனை வருசமா அது மூலையில இருந்துச்சு, ஆனா நான் அதைப் பாத்ததில்லை. அவங்கப்பன் கல்யாணத்துக்குச் சீராக் குடுத்தது. அந்தக் கல்லு இருக்குதே, அதை அவளே போய்ப் பொறுக்கினது. கல்லுக்காரன் காட்டினதை எல்லாம் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிட்டு, பின்னால புல்லுக்குள்ள கெடந்த ஒண்ணைக் கைய வெச்சுப் பாத்து, இதுதான் வேணும்னாளாமா. மாமனாரு சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாரு. அந்தக் கல்லு, ஒரு குழவி, மோட்டாரு, பெல்ட்டு. என்ன ஒரு முரட்டு டிசைனுங்க! மூலைக்கு மூலை எடை. கவுக்கறதுக்கு ஒரு கைப்பிடி, அதைப் புடிச்சு அவ தொங்கோணும். சத்தம் வேற. மனசு பொங்கிருச்சு தம்பி. நம்ம சம்சாரம் இத்தனை வருசமா இதோட மல்லுக்கட்டறாளே, நாம ஊரான் பம்பை எல்லாம் சரி பண்ணினோமேன்னு. இதை மட்டும் சரியாப் பண்ணிட்டா, அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து இது பக்கத்துல வெச்சு, இதை உன்னால பண்ண முடிஞ்சுதாடான்னு கேக்கலாம். அப்படி ஒரு வெறி. பொய் சொல்லலை, அதுவும் இருந்துச்சு. ஆனா அவளுக்காகத்தான்.

மொதல்ல கைப்பிடிய மாத்தினேன். நல்லாத்தான் கவுந்துச்சு, கொஞ்சம் வெசயா, சடார்னு கவுந்துருச்சு, ஒரு தரம் உளுந்து மாவு பூரா அவ மடியில. அதைச் சரி பண்ணினேன். அப்பறம் பெல்ட்டை எடுத்துட்டுப் பல்லுச் சக்கரம் போட்டேன். அப்பறம் வேகத்தைக் கூட்டினேன். அரைக்கற நேரம் பாதியாக் கொறஞ்சுது! பாதி! அவ மாவுல கைய வெச்சுப் பாத்துட்டு, 'சுடுதுங்க'ன்னா. நான், 'சூடு இருக்கத்தான் செய்யும், ஆறட்டும்'னேன். ஒவ்வொரு தரமும் அவ ஒண்ணும் சண்டை போடலை. நான் கழட்டிப் போட்ட பழைய பெல்ட்டு, பழைய கைப்பிடி எல்லாத்தையும் தொடச்சு ஒரு சாக்குல கட்டி வெச்சா. எதுக்கு அம்மிணி இந்தக் குப்பைன்னு நான் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன்.

மாரியம்மன் நோம்பி வந்துச்சு. நோம்பின்னா தெரியுமே, வீட்டுக்கு வீடு ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்து எறங்குவாங்க, வீதிக்கே மாவு அவதான். மொத நாளே எல்லாரும் சொல்லி வெச்சிருந்தாங்க. அண்டா அண்டாவா ஆட்டினா. வெடிஞ்சு பாத்தா அத்தனையும் புளிச்சு, பொங்கி வழிஞ்சு, வாசம் வாசல் வரைக்கும் வருது. இட்லி ஊத்தினாத் தட்டையா வெறகாட்டம். ஒறம்பரையை வீட்டுல உட்கார வெச்சுட்டு வீதிப் பொம்பளைங்க எல்லாம் போசியத் தூக்கிட்டுத் திரும்பி வந்து நிக்கறாங்க. திட்டினாக் கூடப் பரவாயில்லை. ஒருத்தரும் திட்டலை, 'அதுக்கென்ன சுகந்தாமணி, போச்சாது விடு'ன்னு அவளைத் தேத்திட்டுப் போறாங்க. அவ வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுக்கறா. கடைசி ஆளு போன பொறகு உள்ள வந்தா. நான் அந்நேரம் சக்கரத்தைக் கழட்டிக்கிட்டு இருந்தேன், எங்க சூடாகுதுன்னு எனக்குப் புரிஞ்சுருச்சு. 'அம்மிணி, கண்டுபிடிச்சுட்டேன், இன்னொரு தரம் மாத்தினாச் சரியாயிரும்'னேன். அப்பத்தான் சொன்னா.

என்ன சொன்னாங்கறீங்க? இதைத்தான் நீங்க கவனமாக் கேக்கோணும். அப்படியே என்ற மொகத்தைப் பாத்துக்கிட்டு, 'அரைச்ச மாவையே இன்னும் எத்தனை நாளைக்குங்க அரைப்பீங்க?'ன்னா.

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. இத்தனை நாளா நான் மோட்டாரைப் பாக்கறேன், பல்லைப் பாக்கறேன், இவ ஒரே வார்த்தையில கோளாறை எடுத்து வெச்சுட்டா! யோசிங்க. கல்லு சுத்துது, குழவி அரைக்குது. அரைபட்ட மாவு எங்க போகுது? எங்கயும் போறதில்லை. அதே குழிக்குள்ள மறுபடி மறுபடி வந்து அரைபடுது. அரைபடாத அரிசி ஓரத்துல ஒட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குது. அரைச்ச மாவையே அரைச்சா சூடாகாம என்ன பண்ணும்? எவ்வளவு பெரிய விசயம் பாருங்க! எந்தக் கிரைண்டர்க்காரனாவது இதை யோசிச்சிருக்கானா?

ஏன் சிரிக்கறீங்க? பேச்சு வழக்குங்கறீங்களா? 'சொன்னதையே சொல்லிக்கிட்டு, செஞ்சதையே செஞ்சுக்கிட்டு'ன்னு அர்த்தமா? அது எனக்குத் தெரியாதா தம்பி, நானுந்தான் தமிழ் பேசறேன். ஆனா அவ அப்படி ஜாடையாப் பேசறவ இல்லை. நேராப் பேசற பொம்பளை. மாவைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கறப்ப மாவுன்னா மாவுதான். இல்லீங்களா? நீங்க வண்டி ஓட்டறவரு, உங்களுக்கு இது புரியாது. டீயக் குடிங்க.

நான் அவ கையப் புடிச்சுக் குலுக்கினேன். 'அம்மிணி, நீதான் எஞ்சினியரு'ன்னேன். அவ கைய உருவிக்கிட்டா. நான் நேரா இந்தப் பட்டறைக்குள்ள போனவன்தான். கதவைச் சாத்திட்டு வரைஞ்சேன், அழிச்சேன், வரைஞ்சேன். நடுவுல அவ வந்து கதவுகிட்ட நின்னு என்னமோ சொன்னா. சோறு இருக்குது, மூடி வெச்சிருக்குதுன்னு சொன்ன மாதிரி. நான் 'ம்'னேன். ஊருக்குப் போறேன்னு சொன்னாளாமா. அதுக்கும் நான் 'ம்'னுதான் சொன்னேனாமா. அவ வீட்டுல இல்லைங்கறதே எனக்கு மக்யா நாளு, வெடிஞ்ச பொறகுதான் தெரியும், சட்டியில சோறு தீர்ந்தப்ப. அப்பவும் பதறலை. கோயிலுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது, பெட்டியோட பஸ் ஏறினான்னு.

போனவ வந்துருவான்னு இருந்தேன். வேலைய முடிச்சு, இந்தா அம்மிணி நீ சொன்னபடி பண்ணிட்டேன்னு கொண்டு போய்க் காட்டினா, கோவமெல்லாம் போயிரும்னு இருந்தேன். போய்க் காட்டவுஞ் செஞ்சேன். குண்டடத்துக்கு, அவங்கண்ணன் வீட்டுக்கு, பஸ்ஸுல, மடியில சக்கரத்தையும் அச்சையும் வெச்சுக்கிட்டு. வந்து தண்ணி குடுத்தா. சாப்பிடச் சொன்னா, ரசமும் பொரியலும் பண்ணினா. நான் எலையில இருந்து எந்திரிச்சதும் சாமானத்தை எல்லாம் விரிச்சு, மாவு எப்படி வருது எப்படிப் போகுதுன்னு அவளுக்கு ஒண்ணு விடாமச் சொன்னேன். முழுசாக் கேட்டா தம்பி. ஒரு கேள்வி கேக்கலை. கடைசியில 'நல்லாருக்குதுங்க'ன்னுட்டு எச்செலைய எடுத்துட்டு உள்ள போயிட்டா. நடராசுதான் என்னைய பஸ் ஸ்டாண்டுல விட வந்தான். வழியில, 'மச்சான், அது மூணு நாளாத் தூங்கலை, நீங்க அது மொகத்தைப் பாத்தீங்களா'ன்னான். பாக்காம என்ன? 'நல்லாருக்குது'ன்னு சொன்னாளே, அவ வாயால. அதை வெச்சுத்தான் மிச்ச வேலைய முடிச்சேன்.

இருங்க, உங்க போன் அடிக்குது.

அவளா? எடுங்க, எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க தம்பி, நான் பேசலை, சத்தியமா வாயைத் தொறக்க மாட்டேன், குரலைக் கேட்டுக்கறேன். குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு.

கேட்டீங்களா? கேட்டீங்களா என்ன சொன்னான்னு? 'அவரு அதை எப்படியும் கழட்டிப் போட்டிருப்பாரு, அவருகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க தம்பி. கல்லு மட்டும் போதும், கல்லையும் குழவியையும் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு வாங்க, மிச்சத்தை எங்கண்ணன் பாத்துக்கும்.' கல்லு மட்டும் போதுமாமா. மோட்டார் வேண்டாம், சக்கரம் வேண்டாம், கைப்பிடி வேண்டாம், நான் பண்ணினது எதுவுமே வேண்டாம். எல்லாத்தையும் கழிச்சுட்டுக் கல்லுல கொண்டாந்து நிறுத்திட்டா. நான் கூட இப்படி ஒரு டிசைனைக் கொறச்சதில்லீங்க.

எந்திரிக்காதீங்க தம்பி. சித்த இருங்க. கல்லு... அங்க, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில இருக்குது. இருங்க, நீங்க தூக்க வேண்டாம். நான் காட்டறேன். காட்டறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிர்றேன், அதுக்குக் காரணம் இருக்குது.

அரைச்ச மாவு வெளிய போகோணும். போகோணும்னா வழி வேணும். மேல வழியில்லை, பக்கத்துல போனா அரிசியும் சேர்ந்து போகும். அப்ப கீழதான். குழியோட அடியில. அவ சொன்னதை நெசமாச் செய்யோணும்னா வேற வழியே இல்லை தம்பி, எத்தனையோ வரைஞ்சு பாத்துட்டேன்.

ஆமாங்க. ஓட்டை போட்டுட்டேன். நடுக் கல்லுல. கல்லைச் சுத்தற அச்சைக் குழாயா மாத்திட்டு, துளை போடற மெசினு இருக்கற எடத்துக்குக் கொண்டு போய், நானே பக்கத்துல நின்னு, தண்ணி ஊத்தி ஊத்திப் போட்டேன்.

அது விரிசல் இல்லீங்க. அது கல்லோட ரேகை. முன்னயே இருந்திருக்கும். விரலை வெச்சுப் பாக்காதீங்க தம்பி, வேண்டாம். சரி, விரிசல்தான். விரிசல்தானுங்க. துளை அந்தப் பக்கம் வர்ற நேரத்துல 'டக்'குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்குது. ஒரு தரம் மாவு போட்டு ஓட்டிப் பாத்தேன். தண்ணி பூரா கீழ போயிருச்சு, அரிசி அப்படியே மேல நிக்குது. அன்னையில இருந்து தார்ப்பாயப் போட்டு மூடி வெச்சுட்டேன்.

ஐயோ, போன் இன்னும் கட் ஆகலையா? ஏனுங்க தம்பி, நீங்க பாக்கக் கூடாதா? கேட்டுக்கிட்டா இருக்கறா? எல்லாத்தையும் கேட்டுட்டாளா?

அம்மிணி... அம்மிணி, நான்தான். கல்லு போச்சுன்னு நெனச்சுக்காதே. ஒண்ணும் போகலை. முன்ன மாதிரியே பண்ணித் தர்றேன், நீ கேட்டியே, முன்ன மாதிரியே. ஓட்டைய அடைச்சுரலாம். கல்லுப்பொடியும் பசையும் போட்டு அடைச்சா தெரியவே தெரியாது. சும்மா அடைக்கக் கூட வேண்டாம், ஒரு மரை வெட்டித் திருகு மூடி மாதிரி போட்டம்னு வெய்யி, கழுவறப்ப அதைத் தொறந்து விட்டாத் தண்ணி அதுபாட்டுக்குக் கீழ... நீ கவுக்கவே வேண்டியதில்லை... அம்மிணி? இருக்கறயா?

என்ன சொன்னா தம்பி? எனக்குச் சரியாக் கேக்கலை. உங்ககிட்டத்தானே சொன்னா? 'வெறும் வண்டியாவே வந்துருங்க தம்பி.' வெச்சுட்டாளா? வெச்சுட்டா.

அழுதாளா? கல்லுக்கு அழுதாளா... அவங்கப்பன் செத்தப்பக் கூட எல்லாரையும் பாத்துக்கிட்டு நின்னவ அவ.

தார்ப்பாயப் போட்டு மூடிருங்க. வேண்டாம், நானே மூடறேன்.

எனக்கு இனி ஒண்ணும் தோணலைங்க. எதைப் பாத்தாலும் இன்னொண்ணு தோணும் எனக்கு. இப்ப ஒண்ணும் தோணலை. இந்த வீட்டைப் பாருங்க, எல்லாம் நான் பண்ணினது, எல்லாம் மத்த வீட்டை விட நல்லா வேலை செய்யுது. யாருக்குங்க? ஒத்தை ஆளு இருந்துக்கிட்டு அரைத் திருகுல தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன? நீங்க போனதும் நான் இந்த ரூம்புல உட்கார்ந்து என்ன பண்ணட்டும்?

தம்பி, ஒண்ணு கேக்கறேன். வெறும் வண்டியா வரச் சொன்னா. என்னை ஏத்தக் கூடாதுன்னு சொல்லலையே? எடந்தான் இருக்குதே. பின்னால உட்கார்ந்துக்கறேன். அங்க வந்து வீட்டுக்குள்ள கூட வரலை, வாசல்லயே நிக்கறேன். கை நீட்டிக் கேக்கறேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கேட்டுப் பாருங்க அவகிட்ட. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. இந்த வாட்டி ஸ்பீக்கர் வேண்டாம். எனக்குத் தாங்காது.

என்னங்கறா?

என்ன, கையில என்ன வெச்சிருக்காருன்னு கேக்கறாளா?

ஸ்பேனருங்க. எப்ப எடுத்தேன்னு தெரியலை. இந்தா, கீழ வெச்சுட்டேன். ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. பையில ஸ்கேலு ஒண்ணு இருக்குது, அதையும் வெச்சுர்றேன். பென்சிலு. எல்லாம் வெச்சுட்டேன். வெறுங்கைன்னு சொல்லுங்க தம்பி. பாத்துட்டீங்கல்ல, வெறுங்கை.

வரட்டும்னாளா? நெசமாவா? வேறென்ன சொன்னா? முழுசாச் சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம. 'வரட்டும். ஆனா எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லிருங்க.'

எதையும்.

சரி. சரிங்க. தொட மாட்டேன். வாங்க போலாம், அவ மனசு மாறறதுக்குள்ள போயிரலாம். வீட்டைப் பூட்ட வேண்டாம், கெடக்கட்டும். முன்னாலயே உட்காரச் சொல்றீங்களா? சரி, ஏறிட்டேன்.

தம்பி, சித்த இந்தப் பக்கம் சுத்தி வாங்க. இந்த வண்டிக் கதவை நீங்களே சாத்திருங்க. நான் தொடலை.